எந்தக் கோயிலுக்கு மொட்டை?

பிப்ரவரி 4

இந்த டைரி டயர் கடைக்காரர் எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி பன்னீர் சாருக்குக் கொடுத்தது. அவர் என்னிடம் தள்ளிவிட்டார். எழுத ஒன்றும் இல்லாமல் ஒரு மாதம் பீரோ மேல் கிடந்தது. இன்று விஷயம் கிடைத்துவிட்டது. எனக்குப் புழுவெட்டாம்.

பெயரே எரிச்சலைக் கிளப்புகிறது. அம்மா எண்ணெய் வைக்கும்போதுதான் பார்த்தாள். பின்னந்தலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழவழவென்று ஓர் இடம். "என்னடி இது, பூச்சி கீச்சி கடிச்சுதா?" என்று தேடப் போனவள், காதுக்கு மேலே இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டில் கேட்டு வந்து புழுவெட்டு என்று அவளே முடிவு செய்தாள். சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம்.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறது. பெயர்: அருள்ஜோதி. வயது: 24. ஊர்: திருச்சி, உறையூர். தொழில்: டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் சொல்லிக் கொடுப்பது. எங்கள் பயிற்சி வண்டியில் என் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எங்கே கொண்டுபோய் முட்டப் பார்த்தாலும் என் கால் நிறுத்திவிடும். அந்த இடதுபக்க சீட்டைப் போல எனக்குப் பிடித்த இடம் வேறு கிடையாது. இதை விவரத்தில் எழுத இடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 11

தோல் டாக்டரிடம் போனோம். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை, உங்கள் உடம்பே முடியின் வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார். யாருக்கும் ஒட்டாது. தலையிலேயே ஊசி போட்டார். வலித்தது, பரவாயில்லை.

"திரும்ப வளரலாம். வளராமலும் போகலாம்" என்றார். அம்மா காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் "வளந்துடுமாம், டாக்டரே சொல்லிட்டாரு" என்று என்னிடமே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 13

அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். என்னவென்று கேட்டேன்.

"முடி நல்லா வளந்துட்டா சமயபுரத்துல உனக்கு மொட்டை போடறேன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருக்கேன்."

"அம்மா, முடி வேணும்னு கேட்டு, வந்ததும் அதையே எடுத்துக் குடுத்துடுவியா?"

"குடுத்தா அடர்த்தியா வளரும்டி."

"அது வளர்றதுக்குத்தானே இப்ப கேக்கறே?"

"சாமி விஷயத்துல குதர்க்கம் பேசாதே" என்று எழுந்து போய்விட்டாள். அம்மாவும் ஆத்தாவும் சேர்ந்து என் தலையைப் பேரம் பேசி முடித்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிப்ரவரி 21

தலைவாரினால் சீப்பு நிறைய வருகிறது. வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. சவுரி வைத்துப் பின்னலாம் என்று அம்மா வாங்கி வந்தாள். சவுரியைக் குத்திப் பிடிக்கவும் கொஞ்சம் சொந்த முடி வேண்டுமே. வண்டியில் திரும்பிப் பார்த்தபோது அது கழன்று பின்சீட்டில் விழுந்தது. கியர் மாற்றிக்கொண்டிருந்த பெண் அதைப் பார்த்து அலறி ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். நல்லவேளை, என் கால் பிரேக்கில் இருந்தது.

இப்போது துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொள்கிறேன். மறைப்பதற்கு இல்லை. வெயில் அதிகம்.

டீக்கடைக்கு மற்றவர்களோடு போவதில்லை. டீ உடம்புக்கு நல்லதில்லை என்கிறார்கள். குவைத்தில் லாரி ஓட்டும் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். நெட் சரியில்லை என்று குரலில் மட்டும் பேசினேன். அப்புறம் ஒரு மணி நேரம் போனில் சமையல் வீடியோ பார்த்தேன். தடங்கல் இல்லாமல் ஓடியது.

பிப்ரவரி 26

ரோஸ்லின் டீச்சர் என்னிடம் கற்றுக்கொள்கிறவர். ஐம்பது வயது. ரிட்டையர் ஆவதற்குள் சொந்தக் காரில் வேளாங்கண்ணி போகவேண்டும் என்பது லட்சியம். நல்ல மனுஷி. வரும்போதெல்லாம் டப்பாவில் ஏதாவது கொண்டுவருவார்.

இன்று ரிவர்ஸ் எடுக்கும்போது என் துப்பட்டா நழுவியது. டீச்சர் பின்னால் பார்ப்பதை விட்டு என் தலையையே பார்த்தார். வண்டி மண்மேட்டில் ஏறி நின்றது. "சாரிம்மா" என்றார். அப்புறம் வழி நெடுக ஜன்னல் பக்கம் ஒதுங்கியே உட்கார்ந்து ஓட்டினார். டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பன்னீர் சார் கூப்பிட்டார். கண்ணைப் பார்க்காமல், மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஏம்மா ஜோதி, ரெண்டு மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. அது ஒட்டிக்குமான்னு கேக்கறாங்க."

"ஒட்டாது சார். டாக்டர் சீட்டு காட்டட்டுமா?"

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்கு யாரு சொல்றது? கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல உக்காந்து போன் பாரு. சம்பளத்துல கை வைக்கமாட்டேன். முடி வந்ததும் வண்டிக்குப் போ."

சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெண்களின் வகுப்பும் இனி ஆண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் மணி அண்ணனுக்கு. அவருக்குக் கத்தாமல் பேசவே வராது.

எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. ஆபீசில் மின்விசிறி இருக்கிறது.

பிப்ரவரி 27

வருத்தம்தான். நேற்று எழுதியது பொய்.

மார்ச் 3

போன் எடுத்து, "வணக்கம், டூவீலரா, காருங்களா?" என்று கேட்பதுதான் வேலை. மத்தியானம் ஓர் அழைப்பு. குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என் குரல் தெரியவில்லை.

"ரோஸ்லின் பேசறேம்மா. அந்தத் தலையில ஒரு மாதிரி இருக்குமே, அந்தப் பொண்ணு இப்ப வண்டியில வர்றதில்லல்ல?"

"இல்லைங்க."

"தப்பா நினைக்காதேம்மா. வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கா, அதான் பயம். சரி, அப்ப நாளையிலேருந்து வர்றேன்."

"ஆறரைக்கு வாங்க" என்று சொல்லி நோட்டில் பெயரைக் குறித்துக்கொண்டேன். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. அவ்வளவு கோபம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினமாம். காலையில் போனால் வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். "பெண்களுக்குப் பெண்ணே கற்றுத்தரும் ஒரே டிரைவிங் ஸ்கூல்." நடுவில் நான். இரண்டு வருஷத்துக்கு முன் ஆயுத பூஜைக்கு வண்டி முன்னால் நின்று எடுத்தது. இடுப்பு வரை பின்னல், கனகாம்பரம், வாயெல்லாம் பல். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போன் எடுக்கிறவளும் நான்தான்.

பதினொரு மணிக்கு ஓர் அம்மா சேர வந்தார். ஃபிளெக்ஸைக் காட்டி, "இந்தப் பொண்ணு சொல்லித் தருவாங்களா? பாத்தாலே தைரியமா இருக்கு" என்றார்.

"அவங்க லீவு" என்றேன்.

"எப்ப வருவாங்க?"

"தெரியலைங்க."

அவர் போய்விட்டார். நான் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்று யாரும் வெங்காயம் தேய்க்கவில்லை.

மார்ச் 9

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். பன்னீர் சார் என்னை லீவில் அனுப்பவில்லை. ஆபீசில் உட்கார வைத்தார், அவ்வளவுதான். நான் இல்லை என்று சொன்னது நான்.

மார்ச் 13

"அம்மா, மொட்டை போட்டுக்கப் போறேன்" என்றேன்.

"இன்னும் வளரலியேடி."

"வளந்ததுக்கு அப்புறம் எதுக்கு? இருக்கறதையும் எடுத்துடலாம். பாதி மேயவிட்ட வயலு மாதிரி இருக்கு."

"வேண்டுதல் நிறைவேறாம எப்படிக் குடுக்கறது? ஆத்தா என்ன நினைப்பா?"

"அட்வான்ஸ்னு நினைச்சுக்கட்டும்."

"கல்யாணம் ஆகாத பொண்ணு. அட்லீஸ்ட் பூமுடி குடுப்போம். ரெண்டு கொத்து வெட்டினாப் போதும்."

"ரெண்டு கொத்து வெட்டினா மிச்சம் என்னம்மா இருக்கும்?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள்.

மார்ச் 15, ஞாயிறு

சமயபுரம். கூட்டம் சொல்லி மாளாது. சீட்டு வாங்கிக்கொண்டு மொட்டை போடும் மண்டபத்தில் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கைக்குழந்தை வீறிட்டது. இன்னொரு பக்கம் ஒரு போலீஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

தலையில் தண்ணீர் தெளித்தவர் கேட்டார், "என்ன வேண்டுதல்மா?"

"வேண்டுதல் அம்மாவோடது. தலை மட்டும்தான் என்னுது."

தலையைத் தடவிப் பார்த்தவர், "இதுல எனக்கு வேலை கம்மி" என்றார். ஒளிக்காமல் சொன்னார், முகம் சுளிக்காமல் சொன்னார். இத்தனை நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். "ஆடாதம்மா, கத்தி" என்று அதட்டினார்.

சந்தனம் பூசியதும் குளுகுளுவென்று இருந்தது. திரும்பும் பஸ்ஸில் ஓர் ஆள் எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்து சீட்டு அம்மா, "எந்தக் கோயிலுக்கு மொட்டை? ஆத்தாவுக்கா? நல்லா இருப்பே தாயி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். போன வாரம் வேலைக்குப் போன பஸ்ஸில் ஒருவர் என் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்.

மார்ச் 16

பன்னீர் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"சமயபுரமா? முன்னாடியே பண்ணியிருக்கலாமேம்மா. இந்தா, நாளைக்கே வண்டிக்குப் போ. யாரு கேட்டாலும் வேண்டுதல்னு சொல்லிடலாம். அதுல யாரும் வாயத் திறக்கமாட்டாங்க."

சாவி கைக்கு வந்துவிட்டது. மறுபடி சொல்கிறேன், சாவி கைக்கு வந்துவிட்டது. வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தேன். மணி அண்ணன் சீட்டை ரொம்பப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார். முன்னால் இழுத்துக்கொண்டேன்.

யோசித்தால் வேடிக்கைதான். கொஞ்சம் முடி இருந்த தலையைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஒரு முடிகூட இல்லாத தலையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். தலை ஒன்றுதான். இருக்கட்டும். எனக்கு வண்டி வேண்டும்.

மார்ச் 18

அப்பாவுடன் வீடியோவிலேயே பேசினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வழுக்கையைக் கேமராவில் காட்டினார். "இப்பத்தான் என் சாடை தெரியுது" என்றார். அம்மா பின்னாலிருந்து அவரைத் திட்டினாள்.

மார்ச் 20

ரோஸ்லின் டீச்சர் மறுபடி என் வகுப்பு. மணி அண்ணனின் சத்தம் தாங்கவில்லையாம். வரும்போதே, "எந்தக் கோயிலும்மா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னாலும் வேண்டுதல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். டப்பாவில் ரவா லட்டு. இரண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கடுப்பு.

மார்ச் 27

மொட்டைத் தலையில் முளை விடுகிறது, அங்கங்கே. முளைக்காத இடம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, ரேஸர் வாங்கி வந்து நானே வழித்தேன்.

மார்ச் 30

மறுபடி வழித்தேன். உச்சியில் வெட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 3

மூன்று நாளுக்கு ஒரு தரம் இதே வேலை. வண்டியில் உட்கார்ந்தால் முளை தெரிகிறதா என்று பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறேன். அந்தக் கண்ணாடி பின்னால் வரும் லாரியைப் பார்ப்பதற்கு இருக்கிறது. இன்று லாரியைக் கவனிக்கத் தவறி, கடைசி நேரத்தில் பிரேக் பிடித்தேன். ஓட்டியவர் தன் தப்பு என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது. அதை அவரிடம் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

பன்னீர் சார் என் உச்சித் தலையில் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டார். அவர் ஒன்றும் அசடு இல்லை.

"வளரலியாம்மா?"

"அங்கங்க வளருது. அங்கங்க இல்ல. நான்தான் வழிச்சிக்கறேன்."

வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வழிச்சுக்க. அடுத்த கோயில் பேரைச் சொல்லிக்கலாம். பழனி, திருப்பதின்னு எத்தனையோ இருக்கு. வெளிய மட்டும் தெரியவேணாம். தெரிஞ்சா மறுபடி ஆபீஸ்தான், நான் ஒண்ணும் பண்ணமுடியாது."

நல்லதுக்குத்தான் சொல்கிறார். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பாதிச் சம்பளம் ஆக்கவில்லை. அதனால்தான் அவரிடம் சண்டை போட வாய் வரமாட்டேன் என்கிறது.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் வண்டி. திறந்தால் போன். கணக்கு சுலபம்தான்.

ஏப்ரல் 9

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை வகுப்பு, ரோஸ்லின் டீச்சர். ஓயாமாரி ரோட்டில் காவிரி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டாவது கியரில் அழகாக ஓட்டினார். குஷியாகிவிட்டார்.

"ஜோதிம்மா, ஒண்ணு சொல்லணும். உனக்கு முன்னாடி இருந்ததே தலையில, அதைப் பாத்து நான் கொஞ்சம் பயந்துட்டேன். இப்பத்தான் சரியாப் போச்சே. வேண்டுதலும் முடிஞ்சுது. இனிமே முடி நல்லா வந்துடும். இல்லேன்னா நான் அந்த மணிகிட்டயே வாங்கிக் கட்டிட்டு இருப்பேன்."

தலை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். 'ஆமாம் டீச்சர்' என்ற இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் ஆயுசு முழுக்க ரேஸரும் கையுமாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. இந்த சீட்டில் உட்கார்ந்திருப்பது நானா, அம்மாவின் வேண்டுதலா? வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சரியாப் போகல டீச்சர். அது நோய்தான். வேண்டுதல் எங்க அம்மாவுக்கு. எனக்கு முடி வரலாம், வராமலும் போகலாம். நான்தான் வழிச்சு வழிச்சு மறைச்சிட்டு இருக்கேன். இனிமே வழிக்கப் போறதில்ல. யாருக்கும் ஒட்டாது. உங்க பொண்ணுக்கும் ஒட்டாது."

டீச்சரின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது.

"இறங்கணும்னா ஓரமா நிறுத்துங்க. இண்டிகேட்டர் போட்டுட்டு நிறுத்துங்க."

இண்டிகேட்டர் போட்டார். கண்ணாடி பார்த்தார். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்தார். ஒரு தப்பும் இல்லாமல் செய்தார். இத்தனை நாளில் அவர் வண்டியை அவ்வளவு சரியாக நிறுத்தியதே இல்லை. போச்சு, ஆபீஸ்தான் என்று நினைத்தேன்.

"வீட்டுல பொண்ணு இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "நான் உன்கிட்ட சொன்னதில்லையே."

"போன்ல சொன்னீங்க. அன்னைக்கு எடுத்தது நான்தான்."

டீச்சர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு பால்வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம் சாவியைத் திருகினார்.

"எடுக்கட்டுமா?"

"கண்ணாடி பாத்துட்டு எடுங்க."

எடுத்தார். பாலம் வந்ததும், "மூணாவது போடலாமா?" என்று கேட்டார். போடச் சொன்னேன்.

ஏப்ரல் 10

மற்றவர்கள் சொல்லி பன்னீர் சாருக்குத் தெரியவேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன். துப்பட்டாவும் இல்லை, வழிக்கவும் இல்லை. தலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? ஒரு டீச்சர் இருப்பாங்க. நாலு பேரு போயிடுவாங்க."

"போறவங்க போகட்டும் சார். சேர வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுவோம். இங்க ஒரு பொண்ணு இருக்கா, தலையில பாதி முடி கிடையாது, ஒட்டாது, பிரேக் நல்லாப் பிடிப்பா. வேணும்னா வரட்டும். நானே போன்ல சொல்றேன்."

"அப்ப சாவிய வெச்சிட்டுப் போன் பாரு."

"சாவி குடுக்கமாட்டேன் சார்."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவரும் திகைத்துப்போனார். நான் அவரிடம் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"ஒரு மாசம்" என்றார். "வகுப்பு குறைஞ்சா நீயா வந்து சாவியக் குடுத்துடணும்."

"குறைஞ்சா பேசிக்கலாம் சார்" என்று வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11

வகுப்பை ரத்து செய்து இரண்டு பேர் போன் பண்ணினார்கள். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுத இனி இந்த டைரியில் இடம் தரமாட்டேன்.

ஏழேகால் வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண். கல்லூரி முடித்தவள், போன வாரமே பணம் கட்டியவள், பெயர் மிருணாளினி. ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டாள். என் தலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்தக் கோயிலுக்கு அக்கா மொட்டை?"

"கோயிலுக்கு இல்ல. முடி கொட்டற நோய். ஒட்டாது. திரும்ப வந்தாலும் வரும், வராமப் போனாலும் போகும்."

"ஐயோ" என்றாள். அப்புறமும் பார்வையை எடுக்கவில்லை. பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன். தலையைத் திருப்பி மறுபக்கமும் காட்டினேன்.

"பாத்தாச்சா?"

"ம்."

"அப்ப ரோட்டைப் பாரு. கிளட்ச்ச மிதி."